நாற்பத்தெட்டுப் புள்ளி கீழே

“எம் பேரை அடிச்சது உன் கையாடி?”

அம்மா என்னிடம் ஒருமுறை இப்படிக் கேட்டாள். நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். இல்லை என்று தலையாட்டினேன். அவள் என் விரல்களையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, “பின்ன எவ கை?” என்றாள்.

என் கைதான். ஆனால் நான் அமுக்கியது ‘தகுதி உண்டு’ என்ற பொத்தானை. அதைச் சொன்னால் அம்மா நம்பமாட்டாள். நான் வேலை செய்யும் இயக்ககத்தில் சொன்னால் நம்பிவிடுவார்கள், அது இன்னும் ஆபத்து.

டெல்லியில் ரயில் பாதையை ஒட்டிய எங்கள் ஜுக்கிகளை, அதாவது குடிசைகளை, இடிக்கப்போகிறார்கள். நானூற்றுச் சொச்சம் குடும்பங்கள். பாதிக்கு மேல் கள்ளக்குறிச்சி, சேலம் பக்கத்துக்காரர்கள். தகுதி உள்ளவர்களுக்கு ஊரின் விளிம்பில், நரேலாவில் நாலாவது மாடியில் ஒரு வீடு கிடைக்கும். தகுதி இல்லாதவர்களுக்கு இடிக்கும் தேதி கிடைக்கும். நகரம் முழுவதும் யாருக்கு எது என்று முடிவு செய்வது மறுகுடியமர்த்தல் தகுதிச் சரிபார்ப்பு இயக்ககம். நான் அங்கே ஒப்பந்த முறையில் டேட்டா ஆபரேட்டர்.

அந்த வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். நான் ஒன்பதோடு நின்றவள். அம்மா டைபாய்டில் விழுந்தபோது மோதி பாக்கில் அவள் வேலை செய்த நான்கு வீடுகளையும் நான் பார்த்துக்கொண்டேன். அவள் எழுந்து நடமாடத் தொடங்கியபோது பள்ளிப் பதிவேட்டில் என் பெயர் இல்லை. இயக்ககத்துக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் என் படிவத்தில் பன்னிரண்டு என்று தானே நிரப்பிக்கொண்டார். ‘என் உறவினர் எவரும் விண்ணப்பதாரர் அல்லர்’ என்ற வரிக்கு எதிரேயும் அவரே டிக் அடித்தார். ஆகவே இயக்ககத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. எனக்கு இயல்பிலேயே அதிகம் பேச வராது என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உமாமகேஸ்வரி நல்ல பெண் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

இயக்ககத்தின் கம்ப்யூட்டர் நிரல் இருபது வருடப் பழையது. அதை எழுதியவர் ஓய்வுபெற்று, இறந்தும் போய்விட்டார். அது பழைய வகைக் கம்ப்யூட்டர்களில் மட்டுமே ஓடும். போன வருடம் கம்ப்யூட்டர்கள் அனைத்தையும் மாற்றினார்கள். புதியவற்றில் அந்த நிரல் திறக்கவே மறுத்தது. அதனால் இரண்டுக்கும் நடுவே ‘ஒத்திசைவு அடுக்கு’ என்று ஒன்றைப் போட்டார்கள். அதன் வேலை, பழைய நிரலிடம் ‘நீ பழைய இடத்தில்தான் இருக்கிறாய், எதுவும் மாறவில்லை’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது. நாங்கள் மவுஸை நகர்த்தினால் அம்பு திரையில் எங்கே நிற்கிறது, எங்கே அமுக்கினோம் என்பதை அது நிரலுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும்.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மூன்று பொத்தான்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. மேலே ‘வரவில்லை’. நடுவில் ‘தகுதி உண்டு’. கீழே ‘தகுதி இல்லை’. ஒன்றை அமுக்கியதும் அந்தப் பெயர் மறைந்து அடுத்த பெயர் வரும். மறைந்த பெயர் எந்தப் பக்கம் போனது என்று ஆபரேட்டரால் பார்க்க முடியாது. அது நேர்மைக்காகச் செய்த ஏற்பாடு.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, இயக்குநரின் உத்தரவுப்படி எல்லாத் திரைகளின் உச்சியிலும் ஒரு பட்டை வந்தது. பட்டையின் இடப்பக்கம் இயக்குநரின் புகைப்படம். வலப்பக்கம் ‘உங்கள் ஒவ்வொரு சொடுக்கும் ஒரு சேவை’ என்று இந்தியில் ஒரு வாசகம். இயக்குநரே வந்து ஒரு கம்ப்யூட்டரின் முன் விளக்கேற்றித் திறந்துவைத்தார். எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு லட்டு. பட்டையை யாரும் சுருக்கவோ நகர்த்தவோ மறைக்கவோ கூடாது என்று அறிவித்தார்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்த கம்ப்யூட்டரில் மட்டும் பட்டை ஏறவில்லை. இயக்குநரின் படம் அந்த இடத்தில் இருப்பது மரியாதையாக இராது என்று விட்டுவிட்டார்கள்.

மாதக் கடைசியில் பட்டியல் அச்சாகி வந்தது. நேரில் வந்து காகிதம் காட்டியவர்களில் அநேகமாக எல்லோருக்கும் தகுதி இல்லை. வராதவர்களில் அநேகமாக எல்லோருக்கும் தகுதி உண்டு. எங்கள் சந்தில் இருந்த மூக்கன் இறந்து ஆறு வருடம். அவருக்கு நரேலாவில் கிழக்குப் பார்த்த வீடு ஒதுக்கப்பட்டிருந்தது. என் அம்மா வேலம்மாள் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, மின் ரசீது எல்லாவற்றையும் என் மேஜையில் பரப்பி, என்னை யாரென்றே தெரியாதவள்போல நின்று, “ஜல்தி பாரும்மா, நாலு வூட்டு வேலை கெடக்குது” என்று அதட்டிவிட்டுப் போனவள். அவளுக்குத் தகுதி இல்லை.

உண்மையிலேயே தகுதி இல்லாதவர்கள் நிலைமை வேறு. அவர்களை மறுத்தால் ஒன்றும் நடக்காது. பெயர் நகராமல் திரையிலேயே நிற்கும். மூன்று மாடி வீடு வைத்திருந்த ஒரு காய்கறித் தரகர் பதினேழு முறை மறுக்கப்பட்டும் திரையை விட்டுப் போகவில்லை. நெட் மெதுவாக இருக்கிறது என்று எல்லோரும் முடிவு செய்தோம்.

இயக்குநர் பட்டியலைப் பார்த்து முதலில் மகிழ்ந்தார். வீடு பெற்றவர்களில் ஒருவரிடமிருந்தும் புகார் வரவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி நடந்ததே இல்லையாம். வீடு கிடைக்காதவர்கள் வாசலில் கூடிய பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. அதைத் துணை இயக்குநர் ராஜகோபாலிடம் ஒப்படைத்துவிட்டு அவர் டூர் போனார்.

ராஜகோபால் தஞ்சாவூர்க் குடும்பம். முப்பத்தொரு வருடமாக டெல்லியில் ஃபைல் பார்ப்பவர். எங்கள் பிரிவில் அவர் தேடித் தேடித் தமிழர்களாகவே வைத்திருந்தார். மேலதிகாரிகளைப் பற்றி உரக்கப் பேசுவதற்கு அது வசதி. அவர் அந்தச் சந்தேகத்தை, ஊழியர்களைக் கண்காணிக்கும் விழிப்புப் பிரிவின் மாணிக்கவாசகத்திடம் கொடுத்தார். மாணிக்கவாசகம் திருநெல்வேலிக்காரர். யாராவது குட்மார்னிங் சொன்னால் “ஏன்?” என்று கேட்பவர்.

ஆபரேட்டர்கள் பன்னிரண்டு பேரையும் வரிசையாக நிற்கவைத்து மாணிக்கவாசகம் பேசினார்.

“நல்லாக் கேட்டுக்கிடுங்க. மெஷின் தப்புப் பண்ணாது. மெஷினை டெண்டர் போட்டு வாங்கியிருக்கு. உங்களை அப்படி வாங்கலை. அப்ப தப்பு எங்க இருக்கும்? நான் யாரையும் தனியா சந்தேகப்படலை. அது அநியாயம். எல்லாரையும் சேர்த்துத்தான் படுதேன்.”

முதலில் எங்களுக்குக் கண் பரிசோதனை நடந்தது. பன்னிரண்டு பேருக்கும் பார்வை சரியாக இருந்தது. பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருப்பது சதியைக் காட்டுகிறது என்று மாணிக்கவாசகம் குறிப்பு எழுதினார். பிறகு மவுஸ்களைக் கைப்பற்றி ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும் அரக்கு வைத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். அடியில் எரியும் சிவப்பு விளக்கை அரக்கு மூடிவிட்டதால் அம்பு நகரவில்லை. அன்று முழுவதும் ஒரு தவறும் நடக்காததால் முறை சரியானது என்று தெரிந்தது. ஆனால் வேலையும் நடக்கவில்லை என்று யாரோ சொன்னதால் அரக்கைச் சுரண்டினார்கள். விசைப்பலகைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். விசைப்பலகை எதற்கு என்று மாணிக்கவாசகம் கேட்டபோது யாருக்கும் உடனே பதில் வரவில்லை, அதுவே காரணம்.

அதன் பிறகு வந்ததுதான் இருவர் முறை. ஒரே ஆள் மவுஸை நகர்த்தவும் செய்து அமுக்கவும் செய்தால் அதிகாரம் ஒரு கையில் குவிகிறது. ஆகவே இனி ஒருவர் நகர்த்துவார், இன்னொருவர் அமுக்குவார். இருவரும் நண்பர்களாக இருக்கக் கூடாது. தமக்குள் பேசக் கூடாது. நகர்த்துபவர் “நகர்த்தியாச்சு” என்று சொல்லிக் கையை எடுக்க வேண்டும். அமுக்குபவர் “அமுக்குறேன்” என்று சொல்லி அமுக்க வேண்டும். இரண்டையும் பதிவேட்டில் நேரத்தோடு எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்.

நான் அமுக்குபவள் ஆனேன். என் நகர்த்துபவர் செல்வராஜ், நாற்பது வயது, பதினைந்து வருடமாக அங்கே ஒப்பந்த ஊழியர். அம்பைப் பொத்தானின் நட்ட நடுவே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் கணவனைப்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

ஒரு நாளைக்கு நூற்றைம்பது விண்ணப்பம் பார்த்த மேஜை இப்போது பதினொன்று பார்த்தது. பதினொன்றும் தவறாகவே போயின. தினசரித் தவறுகள் நூற்றைம்பதிலிருந்து பதினொன்றாகக் குறைந்துவிட்டன என்று ராஜகோபால் இயக்குநருக்குக் கடிதம் எழுதினார். இயக்குநர் டூரிலிருந்தே பாராட்டு அனுப்பினார்.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. அதை யாருக்கும் காட்டியதில்லை. அந்தப் பதினொன்றையும் தினமும் அதில் குறித்து வந்தேன். அம்பு எங்கே நின்றது, விசாரணை தொடங்கியதிலிருந்து மாலைதோறும் வந்த அச்சுப் பட்டியலில் அது எப்படி விழுந்தது என்று இரண்டு பத்தி. ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. எப்போதும் ஒரு பொத்தான் கீழே. ‘வரவில்லை’யை அமுக்கினால் ‘தகுதி உண்டு’. ‘தகுதி உண்டு’ என்றால் ‘தகுதி இல்லை’. ‘தகுதி இல்லை’ என்றால் வெற்றிடம். கழிப்பறை வழியில் இருந்த கம்ப்யூட்டரில் மட்டும் எல்லாம் சரியாக விழுந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் ‘ஏன் குறித்தாய்?’ என்று கேட்பார்கள். அதற்கு அடுத்த கேள்வி என் சான்றிதழாக இருக்கும்.

அக்டோபர் நடுவில் ஒத்திசைவு அடுக்கைச் செய்த நிறுவனத்திலிருந்து ஜ்யோத்ஸ்னா வந்தாள். டெல்லி புசா ரோட்டிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண், இருபத்தாறு வயது இருக்கும். தமிழ் பேசுவாள், படிக்க வராது. மாணிக்கவாசகத்தை அவள் அங்கிள் என்று கூப்பிட்டாள். அவர் அதையும் குறித்துக்கொண்டு, அவள் நாற்காலிக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“இப்ப என்ன பாக்குதே?”

“லாக் அங்கிள்.”

“யாரோட லாக்?”

“மவுஸோடது. எங்க கிளிக் ஆச்சுன்னு எழுதிவெக்கும்.”

“என்ன சொல்லுது?”

“மவுஸ் இருநூறுல கிளிக் ஆச்சுன்னு சொல்றது. ப்ரோக்ராமுக்கு இருநூத்தி நாப்பத்தெட்டுன்னு போய்ச் சேர்றது.”

“அப்ப ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது.”

“பொய் இல்லை அங்கிள். நடுவுல இருக்கற எங்க லேயருக்கு ஏதோ தெரியலை. அதான் என்னன்னு தேடறேன்.”

“தெரியலைன்னு சொல்லுதவனைத்தான் நான் முதல்ல பிடிப்பேன்.”

இரண்டு நாள் தேடினாள். அவள் கொண்டுவந்த லேப்டாப்பில் எல்லாம் சரியாகவே விழுந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் தவறாகவே விழுந்தது. “மேரே மெஷின் மே தோ டீக் ஹை”, என் மெஷினில் சரியாகத்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நெற்றியைத் தேய்த்தாள். மூன்றாம் நாள் அவள் கைகழுவப் போனபோது நானும் போனேன். குழாயடியில் நோட்டை நீட்டினேன்.

பார்த்துவிட்டுச் சிரித்தாள். “தமிழ் படிக்க வராதே. நீயே சொல்லேன்.”

அது எனக்குக் கஷ்டம். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குக் கீழே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டாள். ஆகஸ்ட் பட்டியல்வரை சரி, பட்டை வந்த திங்கட்கிழமையிலிருந்துதான் என்றேன்.

“பட்டைன்னா?”

மேலே இருக்கிறாரே இயக்குநர், அது, என்று கையால் உயரம் காட்டினேன்.

அவள் குழாயை மூடினாள். ஈரக்கையோடு ஓடிப்போய் பட்டையை அளந்தாள். திரையின் புள்ளிக் கணக்கில் அதன் உயரம் நாற்பத்தெட்டுப் புள்ளி. பட்டை வந்து உட்கார்ந்ததும் கீழே இருந்த எல்லாம் நாற்பத்தெட்டுப் புள்ளி இறங்கிவிட்டது. ஒத்திசைவு அடுக்குக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. அது பட்டையே இல்லாததுபோலத் திரையின் உச்சியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. பொத்தானின் உயரமும் நாற்பத்தெட்டு.

மறுநாள் கூட்டம் கூட்டினார்கள். மவுஸும் அதில் ஒரு வெள்ளைத் துணியின்மேல் வைக்கப்பட்டிருந்தது. பதிவேடு எழுத என்னை மூலையில் உட்காரவைத்தார்கள்.

“எங்க லேயர்ல சரி பண்ண ரெண்டு மூணு வாரம் ஆகும் சார், டெஸ்ட் பண்ணணும்” என்றாள் ஜ்யோத்ஸ்னா. “அதுவரைக்கும் அந்த ஸ்ட்ரிப்பை எடுத்துட்டா போதும். இன்னிக்கே எல்லாம் டீக் ஆயிடும்.”

ராஜகோபால் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பாரும்மா, அது திறந்துவைக்கப்பட்ட பட்டை. திறந்துவெச்ச ஒண்ணை மூடறதுக்கு எனக்குப் பவர் இல்லை. நாட்டுலயே யாருக்கும் இருக்கறதாத் தெரியலை.”

“இயக்குநர் படத்தாலதான் ஏழை பாழைக்கு வீடு போச்சுன்னு ஃபைல்ல எழுதச் சொல்லுதியா?” என்றார் மாணிக்கவாசகம்.

“படத்தால இல்லை அங்கிள். அதோட ஹைட்டால.”

“சாஹிப் உயரத்தைப் பத்தி எழுதவா?”

இயக்குநர் குள்ளமானவர். அந்த வரியைப் பதிவேட்டில் ஏற்றலாமா என்று நான் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

ராஜகோபால்தான் வழி கண்டுபிடித்தார். “எல்லாம் ஒரே மாதிரிதானே தப்பா விழறது? அப்ப நாம அதே அளவு முன்கூட்டியே தப்பாப் போயிட்டா சரியா வந்துடும். பட்டையும் இருக்கும், படமும் இருக்கும், வேலையும் நடக்கும். இதுக்குப் பேருதான் நிர்வாகம்.”

அப்படி வந்தது பதினேழாம் எண் சர்க்குலர். தகுதி உள்ள விண்ணப்பதாரருக்கு ‘வரவில்லை’ என்ற பொத்தானை அமுக்க வேண்டும். தகுதி இல்லாதவருக்கு ‘தகுதி உண்டு’ என்பதை அமுக்க வேண்டும். வராதவருக்கு ‘வரவில்லை’ என்பதற்கு மேலே உள்ள வெற்றிடத்தை அமுக்க வேண்டும். பொத்தானில் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி நடக்கும் ஆபரேட்டர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். இயக்குநர் கையெழுத்து. தினமும் காலையில் இதை நின்றபடி உரக்கப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

சர்க்குலர் வேலை செய்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தகுதி இழந்தவர்களை மறுபார்வைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, நாங்கள் ‘வரவில்லை’ என்று அமுக்கினோம். மாலைப் பட்டியலில் ‘தகுதி உண்டு’ என்று வந்தது. எங்கள் சந்தில் கருப்பசாமி அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டது, எதிர்வீட்டுக்கு வந்துவிட்டது. எழுத்து வரிசைப்படி கூப்பிட்டதால் அம்மாவுக்குக் கடைசி நாள், மாலை நாலு மணி. ஐந்து மணிக்குப் பட்டியல் மூடிவிடும். அதற்குப் பிறகு திருத்த முடியாது.

அம்மாவுக்கு அந்த அழைப்புக் காகிதம் பிடிக்கவில்லை. “திரும்பக் கூப்பிடுறானுங்கன்னா எதையோ புடுங்கத்தான். கருப்பசாமிக்கு எவனோ ஆள் இருக்கான். நமக்கு யார் இருக்கா?”

“வாம்மா. இந்தத் தடவை கெடைக்கும்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“தெரியும்.”

நான் எதையும் அப்படி நிச்சயமாகச் சொன்னதில்லை. அதனால் அவளுக்குச் சந்தேகம் அதிகமானது. ஆனாலும் இரண்டு வீட்டு வேலையை மறுநாளைக்குத் தள்ளிவிட்டு வந்தாள்.

அன்று மூன்றரை மணிக்கு டீ இடைவேளை. கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தன. தாழ்வாரத்தில் ஜ்யோத்ஸ்னா லேப்டாப் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கட்டைவிரலை உயர்த்தினாள்.

“உமா, ஹோ கயா, முடிஞ்சுது. இன்னிக்குத்தான் எங்களுக்குக் கெடு, போட்டாச்சு. ஒரே ஒரு லைன்தான். இனிமே எங்க அமுக்கினாலும் அங்கேயே விழும்.”

“சர்க்குலர்?” என்றேன்.

“அது அவங்களோடது. நான் சாருக்கு மெயில் போட்டாச்சு.” கீழே வண்டி ஹார்ன் அடித்தது. “குர்காவ் போகணும். பை.”

இயக்ககத்தில் மெயில் வந்தால் அதை அச்செடுத்து, எண் போட்டு, தபால் பிரிவில் பதிந்து, ஃபைலில் வைத்து அனுப்புவார்கள். ராஜகோபால் மேஜைக்கு மூன்றாம் நாள் வந்துசேரும். செல்வராஜிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் மாணிக்கவாசகம் டீயைக்கூட எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுதான் குடிப்பார்.

நாலு மணிக்கு அம்மா உள்ளே வந்தாள். வெளியே புகைமூட்டம். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். என்னைப் பார்க்காமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எத்தனை வருஷமா இருக்கேள்?” என்றார் ராஜகோபால்.

“இருவத்திரண்டு வருசங்க. எம் பொண்ணு இங்கதான் பொறந்துச்சு.”

“பொண்ணு என்ன பண்றா?”

“எங்கியோ வேலை செய்யுது. வூட்ல ஒண்ணும் சொல்லாது.”

ராஜகோபால் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர் கெட்டவர் இல்லை. மின் ரசீதில் பெயர் சரியாக இருக்கிறதா என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “எல்லாம் க்ளீனா இருக்கும்மா. தகுதி உண்டு. செல்வராஜ், நகர்த்துங்கோ.”

செல்வராஜ் அம்பை ‘வரவில்லை’யின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். “நகர்த்தியாச்சு.”

என் விரல் மவுஸ் பொத்தான்மேல் இருந்தது. எல்லோரும் நான் அமுக்குறேன் என்று சொல்வதற்காகக் காத்திருந்தார்கள்.

“சார், டீ டைம்ல சரி பண்ணிட்டாங்க” என்றேன்.

‘அமுக்குறேன்’ தவிர என் வாயிலிருந்து வேறொரு பேச்சை அந்த அறையில் அவர்கள் கேட்டது அன்றுதான். ராஜகோபால் யார் பேசியது என்று ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“எதை?”

“மவுஸை. இனிமே எங்க அமுக்கினாலும் அங்கேயே விழும். இதுல அமுக்கினா வரவில்லைன்னுதான் போகும்.”

மாணிக்கவாசகம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். “யாரு சொன்னா?”

“ஜ்யோத்ஸ்னா மேடம்.”

“உங்கிட்ட ஏன் சொல்லணும்? ஒரு பிழை சரியாகியிருக்கு. துணை இயக்குநருக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுது. இதை நான் என்னன்னு எழுத?”

“சித்த இருங்கோ” என்றார் ராஜகோபால். “சரியாயிருந்தா சந்தோஷம்தான். ஆனா பாரும்மா, சர்க்குலர் அமல்ல இருக்கு. மெஷின் சரியானதுக்கு எங்கிட்ட காகிதம் இல்லை. காகிதம் இல்லாத சரியைவிடக் காகிதத்தோட இருக்கற தப்புதான் எனக்குப் பாதுகாப்பு. நான் ரிடையராக ஏழு மாசம் இருக்கு.”

“சர்க்குலரை வாபஸ் வாங்கலாமே சார்” என்றார் செல்வராஜ், சுவரைப் பார்த்து.

“சாஹிப் டூர்ல இருக்கார். திங்கட்கிழமைதான் வருவார்.”

“லிஸ்ட் அஞ்சு மணிக்கு மூடுது சார்” என்றேன்.

“அதனாலதான் சொல்றேன், ஜல்தி அமுக்கு.”

மாணிக்கவாசகம் என் முகத்தைப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். “இந்தம்மா உனக்கு யாரு?”

அம்மா முந்திக்கொண்டாள். “எனக்கு இந்தப் பொண்ணை யாருன்னே தெரியாதுங்க. ஏதோ நல்லதுக்குச் சொல்லுது. அது சொல்றாப்ல அமுக்கிட்டுப் போங்களேன், உங்களுக்கு என்னா கொறையப்போவுது?”

“யாருன்னே தெரியாதவங்களுக்கு இந்த ஆபீஸ்ல எதுக்கு ஒருத்தர் நல்லது சொல்லணும்?”

பதினைந்து வருடம் அங்கே இருந்த செல்வராஜ் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினார்.

“எங்க அம்மா” என்றேன்.

மாணிக்கவாசகம் ஆறு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார். மகிழ்ச்சியான சிரிப்பு. குழந்தை பிறந்த செய்தி கேட்டவர்போல இருந்தார். “சொன்னேம்லா, சார்? ஆபரேட்டர்தான்னு முதல் நாளே சொன்னேம்லா?” பேனாவைத் திறந்தார். என் படிவத்தை எடுத்துவரச் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை நாளைக் காலை பத்து மணிக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். அமுக்கும் பொறுப்பிலிருந்து அக்கணமே விடுவிக்கப்பட்டேன். எழுந்து சுவரோரம் நின்றேன்.

அமுக்குபவர் இல்லாதபோது விழிப்புப் பிரிவு அதிகாரியே அமுக்கலாம் என்று விதி இருந்தது. அவர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, “அமுக்குதேன்” என்றார்.

மறுபார்வை என்பதால் அப்போதே ஒரு சீட்டு அச்சாகும். அது மெதுவாக வெளியே வந்தது.

“என்னா எழுதியிருக்கு?” என்று அம்மா செல்வராஜைக் கேட்டாள்.

“நீங்க வரலைன்னு போட்டிருக்குக்கா.”

“நான் இந்தா குந்தியிருக்கனே.”

“பயப்படாதேங்கோ” என்றார் ராஜகோபால். “சர்க்குலர்படி, வரவில்லைன்னா தகுதி உண்டுன்னு அர்த்தம்.”

“அப்ப வூடு உண்டா?”

“அதான் இல்லை. லிஸ்ட்ல சர்க்குலர் ஏறாது. லிஸ்ட்ல வரவில்லைன்னுதான் ஏறும்.”

“அப்ப வராதவங்களுக்கு?”

“நேர்ல வராதவாளுக்கு எப்படிம்மா வீடு கொடுக்க முடியும்? நீங்களே நியாயமா யோசிச்சுப் பாருங்கோ.”

செல்வராஜ் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பிவைத்தார். ‘விண்ணப்பதாரர் வராததால் அமர்வு அவர் இல்லாமலேயே நடத்தப்பட்டது’ என்ற வரிக்கு எதிரே ஒரு கட்டம் இருந்தது. விண்ணப்பதாரரின் கையெழுத்து வேண்டுமாம். மாணிக்கவாசகம் தம் பேனாவையே கொடுத்தார்.

ரேஷன் கடைக்காரனை எடை போடும் தட்டோடு சேர்த்து ரோட்டுக்கு இழுத்தவள் என் அம்மா. மோதி பாக்கில் மேம்சாப்கள் அவளிடம் பார்த்துத்தான் பேசுவார்கள். அவள் இப்போது என்ன கேட்கப்போகிறாள் என்று நான் சுவரோரம் காத்து நின்றேன். ராஜகோபாலும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

அம்மா பேனாவை மூடிப் பதிவேட்டின்மேல் வைத்தாள். ரேஷன் கார்டை எடுத்தாள். வாக்காளர் அட்டையை எடுத்தாள். மின் ரசீதை நான்காக மடித்தாள். மூன்றையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். நாற்காலியை மேஜைக்குள் தள்ளிவைத்தாள்.

“வெளியே போன நேரத்தை எழுதிக்கிடுங்க” என்றார் மாணிக்கவாசகம்.

“வராதவா எப்படிப் போவா?” என்றார் ராஜகோபால். “அந்தக் கட்டத்தைக் காலியா விடுங்கோ.”

அம்மா கதவைத் திறந்தாள். அவர்களையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. படியிறங்கிப் போனாள்.